அரசாணை மேல் உங்கள் லோகோ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அரூரில் தாலுகா ஆபீஸ் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பலகையில்தான் ஜெராக்ஸ். வருகிறவர்களில் பாதிப்பேர் போனை நீட்டி, "தம்பி, இதுல ஒண்ணு பிரிண்ட் போட்டுக் குடு" என்கிறவர்கள். சிட்டா, வில்லங்கம், அரசாணை, கெசட், கோர்ட் தீர்ப்பு, டிஎன்பிஎஸ்சி பழைய கேள்வித்தாள் என்று காலை ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி எட்டு வரைக்கும் அரசாங்கக் காகிதம்தான் என் பிழைப்பு. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் போதவில்லை என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், எண்களையும் தேதிகளையும் மட்டும் விட்டுவையுங்கள்.

விஷயம் இதுதான். அரசாங்கம் வெளியிடுகிற ஆவணங்களைத் தனியார் இணையதளங்கள் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போடுகின்றன. போடட்டும். சொல்லப்போனால் அவர்கள் போடவில்லையென்றால் என் கடையில் பாதி வேலை நடக்காது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் நோட்டில் எழுதிவைத்த அரசு லிங்க்கை இன்றைக்கு அடித்தால் 'பக்கம் இல்லை' என்று வருகிறது. தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய முகவரிகளை மொத்தமாக மாற்றிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் எங்கேயோ ஒரு ஆசிரியரோ ஓய்வு பெற்ற குமாஸ்தாவோ சேர்த்துவைத்த தளத்தில்தான் அந்த அரசாணை கிடைக்கும். அவர்களுக்கு என் கும்பிடு. என் கோபம் எடுத்துப் போடுவதில் இல்லை, எங்கே எடுத்தோம் என்று சொல்லாததில். அதைவிடப் பெரிய கோபம், எடுத்ததை முன்னும் பின்னும் வெட்டி, நடுவில் குறுக்காகத் தன் லோகோவைப் போட்டு, கீழே 'அனைத்துக் காப்புரிமைகளும் இத்தளத்துக்கே' என்று எழுதிக்கொள்வதில். (அது காப்புரிமைகூட இல்லை சார். காப்புரிமை பேட்டன்ட்டுக்குச் சொல்வது, இதற்குப் பெயர் பதிப்புரிமை. சொல்லையே சரியாகப் போடாதவர்கள்தான் உரிமை கொண்டாடுகிறார்கள்.)

ஒரு தமிழ் அரசாணையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே சுருக்கம். அதற்குக் கீழே துறையின் பெயர், அரசாணை (நிலை) எண், நாள், பக்கத்திலேயே திருவள்ளுவர் ஆண்டு. அப்புறம் 'படிக்கப்பட்டவை' என்று ஒரு வரிசை வரும்: இதற்கு முன்னால் எந்த ஆணை இருந்தது, எந்த இயக்குநர் எந்தத் தேதியில் கடிதம் எழுதினார் என்று ஒவ்வொன்றாக. அதெல்லாம் முடிந்த பிறகுதான் 'ஆணை' என்று தொடங்கும். கடைசியில் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று செயலாளர் பெயர், அதற்கும் கீழே பெறுநர் பட்டியல். ஆக, அரசாணையே தான் எதிலிருந்து வந்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறது. நம் தளக்காரர்கள் முதலில் கத்தரி வைப்பது அந்த இடத்தில்தான். 'படிக்கப்பட்டவை' அவர்களுக்கு வேண்டாத வரி, வாட்ஸ்அப் குரூப்பில் சேரச் சொல்லும் விளம்பரத்துக்கு அங்கே இடம் வேண்டும்.

போன மாதம் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். உதவித்தொகை சம்பந்தமான ஆணை, போனில் பிடிஎஃப். யாரோ அனுப்பியது, அதை அவருக்கு யாரோ, அவருக்கு இன்னொருவர். நான்கு பக்கம். முதல் பக்கத்தின் மேல்பாதி இல்லை. இரண்டாம் பக்கத்தில் வருமான வரம்பு எழுதியிருந்த வரியின் மேல் சரியாக வாட்டர்மார்க் உட்கார்ந்திருந்தது. அச்சில் அது சாம்பல் நிறப் பட்டையாக விழுந்து, எண்ணில் முதல் இலக்கம் ஐந்தா ஆறா என்றே தெரியவில்லை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனவர் அரை மணியில் திரும்பி வந்துவிட்டார். "எந்த ஜி.ஓ., எந்தத் தேதின்னு கேக்கறாங்க கண்ணு. அது மாறிப்போச்சாம்." எண் இருந்திருந்தால் மாறியது எது என்று நானே ஐந்து நிமிஷத்தில் தேடிக் கொடுத்திருப்பேன். எண்ணில்லாத அரசாணையை எங்கே போய்த் தேடுவது? துறை பெயரைக்கூட ஊகிக்க வேண்டியிருந்தது. ஒரு மதியம் முழுக்க அதில் போனது. அந்த அக்கா பஸ் போய்விடுமே என்று வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். நான் வக்கீல் இல்லை. தெரிந்த வக்கீல் குமாஸ்தா கொடுத்த பழைய புத்தகத்தில் படித்ததை மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் வைத்துச் சரிபார்த்தேன். பதிப்புரிமைச் சட்டம், 1957. அரசு செய்தது, அரசு சொல்லிச் செய்தது, சட்டமன்றம் செய்தது, கோர்ட் செய்தது எல்லாம் 'அரசுப் படைப்பு'. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அதற்கு முதல் உரிமையாளர் அரசுதான், அது 17ஆம் பிரிவு. எத்தனை காலத்துக்கு என்றால், வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து 60 வருஷம், அது 28ஆம் பிரிவு. 1960இல் அரசு வெளியிட்ட ஒரு புத்தகத்துக்கு 2020 முடிவோடு உரிமை தீர்ந்தது. இந்தக் கணக்குப்படி பார்த்தால், தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்த காலத்தில், 1918இல் வெளியான சேலம் கெசட்டியர் (மாவட்ட விவரங்களைத் தொகுத்த அரசு நூல்) என்றைக்கோ ஊர்ச்சொத்து ஆகிவிட்டது. அதை ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு பக்கத்திலும் தன் பெயரை முத்திரை குத்தி, 'மறுபதிப்புக்கு அனுமதி இல்லை' என்று போட்டிருக்கும் பிரதியை நானே பார்த்திருக்கிறேன். யார் யாருக்கு அனுமதி தருவது?

அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர் தன் வேலையாக எழுதியதற்குப் பதிப்புரிமையே கிடையாது. ஜார்ஜியா மாநிலம் தன் சட்டத் தொகுப்பில் இருக்கும் விளக்கக் குறிப்புகளுக்கு உரிமை கேட்டபோது, அதற்கும் கிடையாது என்று 2020இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊரில் அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் 52ஆம் பிரிவில் நமக்கு நிறையவே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கெசட்டில் வந்ததை யாரும் மறுபடி போடலாம். கோர்ட் தீர்ப்பை, அந்தக் கோர்ட்டே தடுத்தால் ஒழிய, போடலாம். அரசு அமைத்த கமிஷன், கமிட்டி அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டிருந்தால், அரசு தடுக்காத வரை, அதையும் போடலாம். சட்டங்களைப் பற்றித்தான் கொஞ்சம் வேடிக்கையாக எழுதிவைத்திருக்கிறார்கள்: சட்டத்தை மட்டும் தனியாகப் போட்டால் இந்த விலக்கு இல்லை, கூடவே ஒரு விளக்கமோ சொந்தமாக எழுதியது ஏதாவதோ இருந்தால் உண்டு. சட்டத்தைத் தமிழில் மொழிபெயர்த்துப் போடலாம், அரசே செய்த மொழிபெயர்ப்பு இதுவரை வராமலோ விற்பனையில் கிடைக்காமலோ இருந்தால். அப்படிப் போடும்போது, 'இது அரசு ஏற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பு இல்லை' என்று கண்ணில் படும் இடத்தில் எழுத வேண்டும். நான் பிரிண்ட் போட்ட தமிழ்ச் சட்டங்களில் அந்த வரியை ஒன்றில்கூடப் பார்த்த ஞாபகம் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லா அரசாணையும் கெசட்டில் வருவதில்லை. கெசட்டுக்கு வராத ஆணைக்கு மேலே சொன்ன விலக்கு அப்படியே பொருந்தாது, உரிமை அரசிடம்தான் இருக்கிறது. அதற்காக எந்த அரசும் ஒரு ஆசிரியர் சங்கத்தின் மேல் கேஸ் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை, போடவும் வேண்டாம். மாவட்ட இணையதளங்களின் அடியில் பொடி எழுத்தில் 'பதிப்புரிமைக் கொள்கை' என்று ஒரு இணைப்பு இருக்கும், யாரும் அழுத்த மாட்டார்கள். நான் அழுத்திப் பார்த்தேன். காசு கேட்கவில்லை. மெயில் போட்டு அனுமதி கேள், இருப்பது இருப்பது மாதிரி போடு, தப்பான அர்த்தம் வரும்படி போடாதே, எங்கிருந்து எடுத்தாய் என்று எடுப்பாகத் தெரியும்படி சொல், அடுத்தவர் உரிமை உள்ள படமோ எழுத்தோ இருந்தால் அதற்கு எங்கள் அனுமதி செல்லாது என்கிற அளவில்தான் கேட்கிறார்கள். மத்திய அரசு தன் தரவுத் தளத்துக்காக 2017இல் கொண்டுவந்த திறந்த தரவு உரிமமும் இதையேதான் சொல்கிறது: வியாபாரத்துக்குக்கூட எடுத்துக்கொள், கொடுத்தவர் பெயரையும் எடுத்த இடத்தின் முகவரியையும் போடு.

சரி, எடுத்துப் போட்டவருக்கு எதுவுமே சொந்தமில்லையா? இந்தக் கேள்விக்கு எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

2018. சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை அறிவிப்பு வந்த சமயம். 277 கிலோமீட்டர், எங்கள் ஊத்தங்கரை, அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கங்களையும் தொட்டுக்கொண்டு போகிற திட்டம். அதற்கு அப்புறம் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்ததும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிப்பு செல்லும் என்று சொன்னதும் உங்கள் பேப்பரிலேயே வந்த செய்திதான். நான் சொல்வது அந்த முதல் வாரங்களை. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஏ என்றால் 'இந்த நிலத்தை எடுக்கப்போகிறோம்' என்று கெசட்டில் போடும் அறிவிப்பு. சர்வே நம்பர் வாரியாகப் பட்டியல் இருக்கும். அது வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். மத்திய கெசட் இந்தியிலும் இங்கிலீஷிலும்தான் வரும். சாரத்தைத் தமிழ்ப் பேப்பரில் போட வேண்டும் என்று சட்டம் சொல்வதால் விளம்பரமாக வந்தது, ஆனால் பொடி எழுத்து, அதுவும் அன்றைக்குப் பேப்பர் வாங்காதவனுக்கு இல்லை. கடைக்கு வருகிறவர்களெல்லாம், "என் நம்பர் இருக்குதா பாரு கண்ணு" என்று கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் நானே உட்கார்ந்து நம் பக்கத்துக் கிராமங்களுக்கான பட்டியலைத் தமிழில் அடிக்க ஆரம்பித்தேன். ஊர்ப் பெயர்களை இங்கிலீஷ் எழுத்திலிருந்து பிடிப்பதே ஒரு வித்தை. எட்டு ராத்திரி. கடை மூடிய பிறகு, என் வீட்டுக்காரி சொம்பில் காபியை வைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே தூங்கப் போவாள்.

எனக்கு ஒரு சின்ன இணையதளம் உண்டு, கடை விலைப்பட்டியல் போடுவதற்காக ஆரம்பித்தது. அதில் பட்டியலைப் போட்டேன். தலைப்பிலேயே கெசட் எண், வெளியான தேதி, 'தட்டச்சுப் பிழை இருக்கலாம், அசல் கெசட்டைப் பார்த்து உறுதி செய்யவும்' என்று ஒரு வரி, அசலின் லிங்க். மூன்றாம் நாள் நானே ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். 147/2 என்று இருக்க வேண்டியதை 174/2 என்று அடித்திருந்தேன். தூக்கக் கலக்கம். உடனே திருத்தி, மேலே 'திருத்தம்' என்று சிவப்பில் போட்டேன். நிம்மதியாகிவிட்டது.

ஆகியிருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு நாளுக்குள் மூன்று தளங்கள் என் பட்டியலை எடுத்துவிட்டிருந்தன. எடுத்தது தப்பில்லை, அதற்காகத்தான் போட்டேன். மூன்று பேருமே தலைப்பு வரிகளை வெட்டிவிட்டு, நம்பர்களை மட்டும் வைத்துக்கொண்டு, தங்கள் லோகோவைப் பதித்திருந்தார்கள். ஒரு தளத்தில் அதைக் காப்பி பண்ண முடியாதபடி பூட்டுகூடப் போட்டிருந்தார்கள், என் பட்டியலுக்கு! அப்புறம் அங்கிருந்து வாட்ஸ்அப்.

ஒரு வாரம் கழித்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். வேட்டி மடிப்பில் நான்காக மடித்த ஒரு பிரிண்ட், வியர்வையில் ஈரமாக. விரித்துக் காட்டி, "இது நெசந்தானா பாரு கண்ணு, எங்கப்பன் வெட்டுன கெணறு இருக்கற காடு" என்றார். வேறு யாருடைய லோகோவோ போட்ட தாள். அதில் பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்ட நம்பர் 174/2. என் பிழை. எனக்கு அந்த இடத்தில் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கெசட்டைத் திறந்து காட்டினேன், இங்கிலீஷில் இருந்த எண்ணை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக் காட்டினேன், 147/2தான், உங்களுடையது இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அவர் கையில் இருப்பது லோகோவோடு, கலரில், பெரிய தளத்தின் பெயரோடு இருக்கிறது. என் கம்ப்யூட்டரில் இருப்பது கறுப்பு வெள்ளையில் கோணலாக ஸ்கேன் ஆன ஒரு பக்கம். எது அசல் மாதிரித் தெரியும்? "இத அடிச்சதே நான்தாங்க" என்று சொன்ன பிறகுதான் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நாலு ராத்திரி தூங்கவில்லையாம். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

அவரை நினைத்தால்கூட ஒரு வழியாகத் தேற்றிக்கொள்ளலாம். இன்னொருவர் இருக்கிறார் பாருங்கள், உண்மையான 147/2காரர். என் பழைய பட்டியலைப் பார்த்து 'நம்ம காடு தப்பிச்சது' என்று 21 நாளையும் விட்டிருந்தால்? அவர் என்னிடம் வரவே இல்லை. வந்திருந்தால் தேவலை.

மூன்று தளங்களுக்கும் எழுதினேன். ஒன்று நீக்கியது. மற்ற இரண்டும் பதில் போடவில்லை. எனக்கு உரிமை இருக்கிறதா என்று அப்போதுதான் தேடினேன். 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஈஸ்டர்ன் புக் கம்பெனி தீர்ப்பு கிடைத்தது. தீர்ப்புகளைத் தொகுத்துப் போடும் பதிப்பகம், தான் சீர்செய்து போட்ட தீர்ப்புகளைச் சிடியில் இன்னொருவர் எடுத்துவிட்டார் என்று தொடுத்த வழக்கு. கோர்ட் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்: தீர்ப்பின் வாசகம் யாருடைய சொத்தும் இல்லை, உழைத்தேன், காசு செலவழித்தேன் என்பது மட்டும் போதாது, உன் திறமையும் யோசனையும் கொஞ்சமாவது அதில் தெரிய வேண்டும், தீர்ப்பின் சாரத்தைத் தலைக்குறிப்பாக எழுதியது, எங்கே பத்தி பிரிப்பது என்று தீர்மானித்தது போன்றவற்றுக்கு உரிமை உண்டு. இந்தக் கணக்கில் பார்த்தால் எட்டு ராத்திரி நம்பர் அடித்த எனக்கு ஒன்றும் தேறாது. ஏற்றுக்கொள்கிறேன். நம்பர் என்னுடையது இல்லை, கெசட்டினுடையது. ஆனால் அதே தீர்ப்பு லோகோக்காரருக்கும்தான். அடித்தவனுக்கே உரிமை இல்லாதபோது, அடித்ததை வெட்டி ஒட்டினவருக்கு 'அனைத்து உரிமைகளும்' எங்கிருந்து வந்தது?

என் பெயர் போடவில்லை என்று நான் அழவில்லை சார். போடாமல் விட்டதில் முதல் நாள் வயிறு எரிந்தது, பொய் சொல்லக் கூடாது. பெரியவர் வந்துபோன பிறகு அது போய்விட்டது. அவர் கையில் இருந்த தாளில் அந்தத் தலைப்பு மூன்று வரி இருந்திருந்தால், யாராவது ஒரு படித்த பையன் அசலைத் திறந்து பார்த்து அன்றைக்கே சொல்லியிருப்பான். எங்கிருந்து வந்தது என்று எழுதாத தாளில் பிழை இருந்தால் திரும்பிப் போய்க் கேட்க இடமில்லை, திருத்தினவன் சொல்வது அதுவரை போய்ச் சேரவும் வழியில்லை. என் தளத்தில் சிவப்பில் 'திருத்தம்' என்று கிடந்ததே, அதை யார் பார்த்தார்கள்?

இதே கதை வேறு உருவத்தில் தினமும் நடக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், தொல்லியல் துறை அறிக்கையும் வந்தது. 2025 ஜனவரியில் வெளியான இன்னொரு அறிக்கையில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்கு அதைவிடப் பழைய காலம், கி.மு. 3345 வரை. இரண்டு அறிக்கை, இரண்டு ஊர். ஒரு காலேஜ் பையன் புராஜெக்ட் பிரிண்ட் போட வந்தான். அறிக்கையின் படம் ஒன்றை ஏதோ ஒரு தளத்திலிருந்து எடுத்திருந்தான். படத்துக்குக் கீழே இருந்த விளக்கத்தையும் பக்க எண்ணையும் தளக்காரர் வெட்டியிருந்தார், சிவகளையின் வருஷத்தை மயிலாடும்பாறைக்குப் போட்டிருந்தார். நம் பக்கத்துப் பெருமையைக் கூட்டிச் சொன்னால் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் பையனுக்கு மார்க் போய்விடுமே. தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கிற நடுகற்களைப் போய்ப் பார்க்கச் சொன்னேன் அவனை. அரூர் வட்டாரத்தில் கிடைக்கிற பல்லவர் கால நடுகல்லில் முதல் வரியே எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதுதான். அதற்குப் பிறகுதான் ஆடு மாடு மீட்டதும், செத்ததும். உளி பிடித்தவனுக்கு ஒவ்வொரு எழுத்தும் அரை மணி வேலை, அவன் தேதியை விடவில்லை.

ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் ஆரம்பித்ததிலிருந்து இன்றுவரை, எந்த நூலை எடுத்தாலும் முதலில் யார் தட்டச்சு செய்தார், யார் பிழை பார்த்தார் என்று இருக்கும். இந்த முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்று எழுதியிருப்பார்கள். அவ்வளவுதான் நிபந்தனை. தீர்ப்புகளுக்கு 2008 முதல் இண்டியன் கானூன் என்ற தளம் இருக்கிறது: எந்தத் தீர்ப்பைத் திறந்தாலும் எந்தக் கோர்ட், என்ன தேதி, எந்த நீதிபதி என்று மேலேயே இருக்கும். அந்தப் பிரிண்ட்டைக் கொண்டுபோகிறவர்கள் யாரும் என்னிடம் திரும்பி வந்து நின்றதில்லை.

அரசாங்கத்தையும் சும்மா விட முடியாது. தகவல் உரிமைச் சட்டம் 2005இன் நான்காம் பிரிவு, கேட்காமலே வெளியிடு, எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்கும்படி வை என்கிறது. வைக்கிறார்கள், எப்படி? தலைகீழாக ஸ்கேன் ஆன பக்கம், தேட முடியாத படம், இல்லையென்றால் வானவில் என்ற பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப். காப்பி பண்ணி ஒட்டினால் தமிழுக்குப் பதிலாகக் கோழி கிளறின மாதிரி ஏதோ விழும். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்தான் இனி என்று தமிழ்நாடு அரசு அரசாணை போட்டது 2010இல். அந்த அரசாணைக்குப் பிறகு எத்தனை அரசாணை யூனிகோடில் வராமல் போனது என்று என் கம்ப்யூட்டரில் பாருங்கள், பழைய எழுத்துருக்களை நான் இன்னும் அழிக்கவில்லை, அழித்தால் கடை நின்றுவிடும். அசலைப் படிக்கிற மாதிரி, நிரந்தரமான முகவரியில் வைத்தால் பாதி நகல்காரர்களுக்கு வேலையே இருக்காது.

இப்போது உங்களிடம் வருகிறேன், ஆசிரியர் அவர்களே. கோபித்துக்கொள்ளக் கூடாது. பேப்பரைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எனக்கு வாரத்துக்கு நாலு பேர். "இந்த ஜி.ஓ.வை எடுத்துக் குடுப்பா." செய்தியில் என்ன இருக்கிறது? 'தமிழக அரசு அரசாணை வெளியிட்டுள்ளது.' எண் இல்லை, தேதி இல்லை, துறைகூட சில நேரம் இல்லை. உங்கள் நிருபர் கையில் அந்த அரசாணை இருந்திருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார், எண்ணை மட்டும் ஏன் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார்? இணையத்தில் போடும்போது அரசாணையின் முதல் பக்கத்தைப் படமாகப் போடுகிறீர்கள், நல்லது, ஆனால் அதன் மேலும் உங்கள் பேப்பர் பெயர் குறுக்காக ஓடுகிறது. போட்டிப் பத்திரிகை திருடிவிடும் என்ற பயம் புரிகிறது. உங்கள் நிருபர் எழுதிய செய்திக்கு லோகோ போடுங்கள், புகைப்படக்காரர் எடுத்த படத்துக்குப் போடுங்கள், அது உங்கள் உழைப்பு, உங்கள் உரிமை. செயலாளர் கையெழுத்துப் போட்ட தாளின் மேல் எதற்கு? ஓரத்தில் வைத்தாலாவது எண் தெரியும்.

தளம் நடத்துகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கேட்கிறேன். முதல் பக்கத்தை வெட்டாதீர்கள். எண், நாள், துறை, எந்தத் தேதியில் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதை மேலே ஒரு வரியில் போடுங்கள். லிங்க் செத்துப்போனாலும் பரவாயில்லை, போடுங்கள், செத்த லிங்க்கை வைத்துக்கொண்டே தேடிப்பிடிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. நீங்களே அடித்ததா, அசல் ஸ்கேனா என்று சொல்லுங்கள். நடுவில் யாராவது உழைத்திருந்தால், அவர் பெயர் தெரிந்தால், அதையும். கோபுரச் சின்னத்தையோ சிங்க முத்திரையையோ உங்கள் தளத்தின் தலையில் வைத்துக்கொண்டு அரசாங்கம் மாதிரி உட்காராதீர்கள், சிங்க முத்திரைக்கு 2005இல் தனிச் சட்டமே இருக்கிறது. விளம்பரம் வேண்டுமானால் பக்கவாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், சம்பாதியுங்கள், எனக்குப் பொறாமை இல்லை. நானும் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்குகிறவன்தான்.

என் கடையில் இப்போது ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருக்கிறேன். 'எடுத்த இடம்', 'எடுத்த நாள்' என்று இரண்டு கோடு. எந்த பிரிண்ட் போட்டாலும் பின்பக்கத்தில் குத்தி, பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்தது என்றால் 'வாட்ஸ்அப்' என்றே எழுதுகிறேன். சிலர் முறைக்கிறார்கள். தாலுகா ஆபீஸில் ஒரு உதவியாளர் மட்டும், ஸ்டாம்ப் இருக்கிற தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கத்தைப் படிக்கிறாராம்.

அடுத்த முறை அரசாணைச் செய்தி போடும்போது அந்த எண்ணையும் தேதியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள் உங்கள் நிருபரிடம். அரை வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.

பி.கு.: நேற்று ராத்திரி கடை மூடும் முன் பார்த்தேன். அந்த இரண்டு தளங்களிலும் 174/2 இன்னும் அப்படியே இருக்கிறது.